பேட்டரி நிறைந்திருந்தும் ஹீட்டர் போட்டால் எஞ்சின் ஏன் ஓடுகிறது?

பிளக்-இன் ஹைப்ரிட் கார், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் மின் மோட்டாரும் சேர்ந்த கார் வாங்கியவர்கள் முதல் குளிர்காலத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறி, காலையில் பேட்டரி நூறு சதவீதம் காட்டுகிறது. போக வேண்டியதோ பத்து கிலோமீட்டர். பெட்ரோலைத் தொடாமலே போய்வந்துவிடலாம் என்று ஏறி உட்கார்கிறோம். கை விறைக்கிறதே என்று ஹீட்டரைப் போட்டதும் முன்னால் எஞ்சின் உறுமத் தொடங்குகிறது. கார் பழுதா, விற்றவர் சொன்னது பொய்யா என்று குழம்பிப்போகிறோம்.

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. காருக்குள் சூடு வேண்டும் என்று நாம் கேட்டோம். அதைக் கொடுக்க அந்தக் காருக்கு எஞ்சினை விட்டால் வேறு வழி இல்லை. அல்லது வழி இருந்தும் அன்றைய குளிருக்கு அது போதவில்லை. எந்தக் காரில் என்ன வழி என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அதற்குள் போகும் முன், சாதாரணப் பெட்ரோல் காரில் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகிவிடும்.

ஓசியில் வந்த சூடு

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மின்கட்டண ரசீதில் வருகிற அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. இதில் காரை ஓட்டப் பயன்படுவது மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். மிக நல்ல எஞ்சின் என்றால் 40 சதவீதத்தைத் தொடும். மிச்சமெல்லாம் சூடாகத்தான் வெளியேறுகிறது. கொஞ்சம் சைலன்சர் வழியாகப் புகையோடு போகும், கொஞ்சம் எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்டில் இறங்கும்.

கூலண்ட் என்பது தண்ணீரும் கிளைகாலும் கலந்த திரவம். எஞ்சின் முழு வேலைச் சூட்டுக்கு வந்தபின் இது ஏறக்குறைய 90 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். முன்பக்க ரேடியேட்டருக்குப் போய்ச் சூட்டைக் காற்றில் கொட்டிவிட்டுத் திரும்பி வரும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதன் பெயர் ஹீட்டர் கோர். அதே வெந்நீரில் கொஞ்சம் இதற்குள்ளும் ஓடும். ப்ளோயர் விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளினால் சூடான காற்று காருக்குள் வருகிறது. ஹீட்டர் என்பது இவ்வளவுதான். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், பெரும்பாலான கார்களில், வெந்நீரைத் தொடுவதுகூட இல்லை. உள்ளே ஒரு தட்டியை நகர்த்தி, ஹீட்டர் கோர் வழியாக வரும் காற்றையும் அதைச் சுற்றிக்கொண்டு வரும் குளிர்ந்த காற்றையும் எந்த அளவில் கலப்பது என்பதை மாற்றுகிறது.

ஆக, பெட்ரோல் காரில் ஹீட்டர் போடுவதற்கு விசிறிக்கான மின்சாரம் தவிர எந்தச் செலவும் இல்லை. எப்படியும் வெளியே கொட்டப்போகும் சூட்டில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்கிறோம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பழைய டிரைவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். உட்கார்ந்திருப்பவருக்கு வெந்துபோகும், ஆனால் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி.

கூலண்டே இல்லாத பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில்கூட கதை இதுதான். புகைக்குழாயைச் சுற்றிக் காற்றை ஓடவிட்டு, அந்தச் சூட்டை உள்ளே அனுப்பினார்கள்.

இந்த ஓசிச் சூட்டில் ஒரு சங்கடம் உண்டு. எஞ்சின் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ அவ்வளவு குறைவாகச் சூட்டை வீணடிக்கும். அதாவது நல்ல எஞ்சின், குளிர்ந்த கேபின். பெட்ரோலைவிடச் சிக்கனமான டீசல் கார்கள் பலவற்றில் துணைக்கு ஒரு மின் ஹீட்டர் வைத்ததற்கு இதுவே காரணம். ஹைப்ரிட்டில் நிலைமை இன்னும் மோசம். சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும், மெதுவாகப் போனாலும் அணைந்துவிடும். கூலண்ட் சூடேற நேரமே கிடைக்காது. பிரையஸ் என்ற தன் ஹைப்ரிட் காரின் 2010 மாடலில் டொயோட்டா புகைக்குழாயில் போகும் சூட்டைப் பிடித்துக் கூலண்டில் ஏற்றும் ஒரு அமைப்பை வைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில், சில நாடுகளில் விற்ற பிரையஸ்களில், வெந்நீரைச் சேமித்துவைக்க ஒரு பிளாஸ்க்கே இருந்தது! எஞ்சினை நிறுத்திய பிறகு சூடான கூலண்டில் சில லிட்டரை அதில் பிடித்து வைத்து, அடுத்த தடவை கிளப்பும்போது எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும். அது கேபினுக்காக வைத்ததில்லை, குளிர்ந்த எஞ்சின் கக்கும் புகையைக் குறைக்க வைத்தது. ஆனாலும் சூட்டின் மதிப்பை அறிந்த ஒரு பொறியாளரின் வேலை அது என்று எனக்குத் தோன்றும்.

மோட்டாரிடம் சூடு இல்லை

பிளக்-இன் ஹைப்ரிட் பேட்டரியில் ஓடும்போது எஞ்சின் அணைந்திருக்கிறது. மின் மோட்டார் தனக்குக் கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். வீணாகும் கொஞ்சநஞ்ச சூட்டை வைத்துக் காரைச் சூடாக்க முடியாது. ஆகவே ஹீட்டருக்கென்று தனியாகச் சூட்டை உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஓசி போய் விலை வந்துவிட்டது.

அந்த விலை எவ்வளவு? நாம் நினைப்பதைவிட அதிகம். கார் மூடிய பெட்டி என்று தோன்றும், உண்மையில் அது காற்று ஓடும் குழாய். வெளிக்காற்று முன்னால் நுழைந்து, கேபினைக் கடந்து, பின்பக்கம் இருக்கும் துவாரங்கள் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ப்ளோயர் மிதமாக ஓடி மணிக்கு 200 கன மீட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறைநிலையில் இருக்கும் அந்தக் காற்றை 25 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் 1.8 கிலோவாட் வேண்டும், அதாவது மணிக்கு 1.8 யூனிட். கேபினின் கொள்ளளவு ஏறக்குறைய மூன்று கன மீட்டர்; அப்படியானால் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று மணிக்கு அறுபது தடவைக்கு மேல் மாறிப்போகிறது. இதற்கு மேல் கண்ணாடிகளும் தகரமும் வெளியே கசியவிடும் சூடு. சில்லென்று கிடக்கும் சீட்டையும் டேஷ்போர்டையும் முதலில் சூடேற்ற வேண்டிய செலவு வேறு. கிளம்பிய முதல் சில நிமிடங்களில் 5 கிலோவாட்டும், அப்புறம் 2, 3 கிலோவாட்டும் இழுப்பது சாதாரணம்.

முழு மின்சாரக் காரில் 60, 70 யூனிட் பேட்டரி இருக்கும், தாங்கிக்கொள்ளும். பிளக்-இன் ஹைப்ரிட்டில் இருப்பது பெரும்பாலும் 8 முதல் 20 யூனிட்தான். இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

சூட்டுக்கு இருக்கும் வழிகள்

முதல் வழி, எதையும் புதிதாகச் சேர்க்காமல் விட்டுவிடுவது. சூடு கேட்டால் எஞ்சினை ஓட்டு, பழைய ஹீட்டர் கோரிலேயே சூட்டைக் கொடு. தயாரிப்பாளருக்குச் செலவே இல்லை. 2012இல் வந்த முதல் பிளக்-இன் பிரையஸ் இப்படித்தான். அதன் பேட்டரியே 4.4 யூனிட், அதில் மின் ஹீட்டரை வைத்தால் காரை ஓட்ட என்ன மிஞ்சும்? மிட்சுபிஷி அவுட்லேண்டரின் பிளக்-இன் வகையிலும் சில விலை குறைந்த ரகங்களில் மின் ஹீட்டர் வைக்காமல் விற்றார்கள். இந்தக் கார்களில் பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஹீட்டர் போட்டால் எஞ்சின் ஓடும். அது பழுது இல்லை, அமைப்பே அப்படி.

இரண்டாவது, மின் ஹீட்டர். இஸ்திரிப் பெட்டி மாதிரி மின்சாரத்தை நேரடியாகச் சூடாக்குவது. ஆனால் இதற்குள் இருப்பது இஸ்திரிப் பெட்டியின் கம்பி இல்லை, பிடிசி எனப்படும் ஒரு வகைப் பீங்கான் கல். பேரியம் டைட்டனேட் என்ற பொருளில் செய்வார்கள். இதன் குணம் வேடிக்கையானது. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை நன்றாக விடும், சூடாகும். குறிப்பிட்ட ஒரு சூட்டைத் தாண்டியதும் இதன் மின்தடை மளமளவென்று ஏறிவிடும், மின்சாரம் குறையும், சூடு அதற்கு மேல் ஏறாது. ப்ளோயர் திடீரென்று நின்றுபோனாலும் கல் தானாகவே அடங்கிவிடும், பற்றி எரியாது. தனக்குத் தானே காவல் காக்கும் ஹீட்டர்.

இந்தக் கல்லை இரண்டு இடங்களில் வைக்கலாம். காற்று போகும் பாதையிலேயே வைத்தால் ஓரிரு நிமிடத்தில் சூடு முகத்தில் அடிக்கும், ஆனால் பல நூறு வோல்ட் மின்சாரத்தை டேஷ்போர்டு வரை கொண்டுவர வேண்டும். பானெட்டுக்குள் வைத்துக் கூலண்டைச் சூடாக்கினால் உயர் மின்னழுத்தம் முன்பக்கமே நின்றுவிடும், ஏற்கெனவே இருக்கும் ஹீட்டர் கோரையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தண்ணீர் சூடாகும் வரை காத்திருக்க வேண்டியதுதான் குறை. பிளக்-இன் ஹைப்ரிட்டில் எஞ்சினும் கூலண்டும் எப்படியும் இருப்பதால் இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பல கார்களில் பார்க்கலாம். அதோடு ஒரு வால்வும் இருக்கும். மின்சாரத்தில் சூடாக்கிய தண்ணீர் எஞ்சினுக்குள் போகாதபடி அது வழியை அடைத்துவிடும். இல்லையென்றால் நூறு கிலோ உலோகத்தைச் சூடாக்கவே பேட்டரி காலியாகிவிடும். 10 டிகிரியில் இருக்கும் எஞ்சினை 90 டிகிரிக்கு ஏற்ற இரண்டு யூனிட்டுக்கு மேல் பிடிக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி ஹீட் பம்ப். எனக்குப் பிடித்த வழியும் இதுதான், ஏனென்றால் முதலில் கேட்கும்போது ஏமாற்று வேலை மாதிரி இருக்கும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும் என்றால் நம்புவோமா? ரகசியம் என்னவென்றால், இது சூட்டை உண்டாக்குவதே இல்லை. வெளியே இருப்பதைச் சுமந்து உள்ளே கொண்டுவருகிறது. நாம் கொடுக்கும் மின்சாரம் சுமைகூலி.

வெளியே உறைகிற குளிரில் ஏது சூடு என்று தோன்றலாம். நமக்குத்தான் 0 டிகிரி குளிர். கார் ஏசியில் பல காலம் ஓடிய ஆர்-134ஏ வாயு மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். இப்போது அதிகம் பயன்படும் ஆர்-1234ஒய்எஃப் அதைவிட இன்னும் சில டிகிரி கீழே. இவற்றுக்கு 0 டிகிரி காற்று என்பது நல்ல சூடான அடுப்பு. வெளிப்புறக் குழாயில் இந்தத் திரவம் ஓடும்போது வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சிக் கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தினால் வாயு சூடாகும், சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் போல. அந்தச் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகித் திரும்புகிறது. ஃபிரிட்ஜும் இதையேதான் செய்கிறது: உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் கொட்டுகிறது. கார் ஏசியை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். இந்த வகை இயந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1852இலேயே விளக்கியிருந்தார். காருக்குள் வந்து சேர அது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

குளிர் கூடக் கூட ஹீட் பம்ப் திணறும். வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் அதிகமானால் சுமைகூலி ஏறும். வெளிக்குழாயில் உறைபனி பிடித்துக் காற்றை மறைக்கும். அவ்வப்போது நிறுத்தி அதை உருக்க வேண்டும். 2017 வாக்கில் வந்த பிரையஸின் பிளக்-இன் வகையில், கம்ப்ரஸருக்கு நடுவழியில் கூடுதலாக வாயுவைச் செலுத்தும் ஒரு தந்திரத்தைச் சேர்த்து, மைனஸ் 10 டிகிரி வரை எஞ்சின் இல்லாமல் சமாளிக்கும்படி செய்தார்கள். அதற்கும் கீழே போனால் எஞ்சின்தான். வேறு சில கார்களில் ஹீட் பம்போடு பிடிசியும் சேர்ந்து இருக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு, கடுங்குளிர் நாடுகளில் மட்டும் அதிகம் பார்க்கலாம். தனியாக ஒரு சின்ன பர்னர், தொட்டியிலிருந்து எரிபொருளை எடுத்து எரித்துக் கூலண்டைச் சூடாக்கும். எஞ்சின் ஓடாது, ஆனால் எரிபொருள் எரியும். மின்சாரத்தில் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் காரின் கீழிருந்து புகை வருவதைப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்வார்.

கார் எப்படி முடிவெடுக்கிறது

இத்தனை வழிகளில் எதை எப்போது பயன்படுத்துவது என்பதைக் காரின் கணினி தீர்மானிக்கிறது. வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எவ்வளவு கேட்டிருக்கிறோம், கூலண்ட் ஏற்கெனவே சூடாக இருக்கிறதா, பேட்டரியின் சூடு எவ்வளவு என்று பார்க்கும். முக்கியமான முதல் விதி எளிமையானது: சூடான கூலண்ட் கையில் இருந்தால் அதைத்தான் முதலில் செலவழிக்கும். எஞ்சின் நின்ற பிறகும் மின் பம்ப் அந்தத் தண்ணீரை ஹீட்டர் கோருக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

வெளியே ஒரு குறிப்பிட்ட டிகிரிக்குக் கீழே போய்விட்டால், மின் ஹீட்டர் இருக்கும் கார்கூட எஞ்சினைக் கிளப்பிவிடலாம். 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த செவ்ரோலே வோல்ட்டில் 16 யூனிட் பேட்டரியும் மின் ஹீட்டரும் இருந்தன. அப்படியும் கடுங்குளிரில் 'வெப்பநிலை காரணமாக எஞ்சின் ஓடுகிறது' என்ற அறிவிப்போடு எஞ்சின் கிளம்பும். பேட்டரி நிறைய இருக்கும்போது இது எதற்கு என்று அதை வாங்கியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எந்த டிகிரியில் கிளம்ப வேண்டும் என்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் வசதி பின்னால் வந்த மாடல்களில் வந்தது.

காரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 40 லிட்டர் தொட்டி என்றால் 360 யூனிட் ஆற்றல்; பேட்டரியில் பன்னிரண்டு. வெளியே உறையும்போது பேட்டரியும் சுணங்கும், கேட்ட வேகத்தில் மின்சாரம் தராது. அந்த நேரத்தில் எஞ்சினை ஓட்டினால் சக்கரத்துக்கும் சக்தி, கேபினுக்கும் சூடு என்று ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை நடக்கும்.

கண்ணாடிக்குக் காற்றை அடிக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தான் தனிக் கதை. சில கார்களில் அதை அழுத்திய உடனே, பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும், எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். முன்னால் பார்வை தெரிவது பாதுகாப்பு விஷயம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றினாலும் காரணம் புரிகிறது.

இன்னொன்று. எஞ்சின் கிளம்பிவிட்டதே என்று அவசரமாக ஹீட்டரை அணைத்தாலும் அது உடனே நிற்காது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரிக்கு வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அரைகுறையாகச் சூடேறி நின்றுபோகும் எஞ்சினுக்குள் ஈரம் தங்கும், எரியாத பெட்ரோல் எண்ணெயில் இறங்கும். அதனால் ஒரு தடவை கிளம்பினால் ஓரளவு சூடேறும் வரை ஓடித்தான் ஓயும். பத்து நிமிடப் பயணத்துக்கு இப்படி எஞ்சினை எழுப்புவதுதான் எல்லாவற்றிலும் நஷ்டம்: உலோகத்தில் ஏற்றிய அந்த இரண்டு யூனிட் சூடும் நிறுத்தின இடத்தில் சும்மா ஆறிப்போகும்.

ஹீட்டர் மணிக்கணக்கில் சாப்பிடும்

மோட்டார் கிலோமீட்டர் கணக்கில் மின்சாரம் சாப்பிடுகிறது, ஹீட்டரோ மணிக்கணக்கில் சாப்பிடுகிறது. பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாததால்தான், நேற்று போன அதே தூரத்துக்கு இன்று ஏன் பேட்டரி பற்றவில்லை என்று புரியாமல் போகிறது.

பேட்டரியில் பயன்படுத்த 9 யூனிட் இருக்கிறது என்று வையுங்கள். நெரிசலில் சராசரி 25 கிலோமீட்டர் வேகம், கிலோமீட்டருக்கு 0.16 யூனிட் என்றால் ஓட்டத்துக்கு மணிக்கு 4 யூனிட் ஆகிறது. ஹீட்டர் இல்லாமல் 56 கிலோமீட்டர் போகலாம். இப்போது 3 கிலோவாட் ஹீட்டரைச் சேர்த்தால் மணிக்கு 7 யூனிட். பேட்டரி ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும், 32 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி போய்விட்டது.

அதே கார் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகட்டும். கிலோமீட்டருக்கு 0.18 யூனிட், மணிக்கு 14.4. ஹீட்டர் இல்லாமல் 50 கிலோமீட்டர், அதே ஹீட்டரோடு 41. அடி விழுகிறது, ஆனால் தாங்கக்கூடிய அடி. குளிர்காலத்தில் நெரிசலில் ஊர்வதுதான் பேட்டரியைத் தின்கிறது, வேகமாகப் போவதல்ல. கோடைகாலப் பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இதிலிருந்து ஒரு தந்திரம் வருகிறது. போகும் தூரம் பேட்டரிக்கு எப்படியும் போதாது என்று தெரிந்தால், எஞ்சினை முதலில் நெடுஞ்சாலையில் ஓடவிடுங்கள். அங்கே அது நல்ல பாரத்தில், நல்ல திறனில் ஓடும். சூடு பழைய மாதிரி ஓசியில் வரும். ஊர் நெருங்கியதும் மின்சாரத்துக்கு மாறினால் 90 டிகிரி கூலண்ட் இன்னும் கொஞ்ச நேரம் ஹீட்டரை ஓட்டிக் கொடுக்கும். பேட்டரியைச் சேமித்து வைக்கும் பொத்தான் பெரும்பாலான பிளக்-இன் கார்களில் உண்டு. தொழிற்சாலை அமைப்பில் கார் முதலில் பேட்டரியைத் தீர்க்கப் பார்க்கும் என்பதால், இதை நாம்தான் செய்ய வேண்டும்.

மூச்சும் கண்ணாடியும்

மணிக்கு அறுபது தடவை காற்றை மாற்றுவது வீண்தானே, உள்காற்றையே சுற்றவிட்டால் என்ன? செய்யலாம், சூடு நிச்சயம் மிச்சமாகும். ஆனால் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குப் பத்துப் பதினைந்து டீஸ்பூன் அளவு தண்ணீர் ஆவியாக வெளியேறலாம். நாலு பேர் உட்கார்ந்தால் சில்லென்ற கண்ணாடியில் அது மூட்டமாகப் படியும். முழுசாக மூடிவைத்துப் போனால் சிறிது நேரத்தில் எதிரே வருபவர் தெரியமாட்டார். ஆகவே பல கார்கள் உள்காற்றையும் வெளிக்காற்றையும் தாமாகவே அளந்து கலக்கின்றன.

குளிரில் ஹீட்டரோடு ஏசி விளக்கும் எரிவதைப் பார்த்துக் குழம்பி அணைத்துவிடுபவர்கள் உண்டு. அணைக்காதீர்கள். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள ஈரம் உள்ளே குழாயில் படிந்து வடிந்துவிடும். காய்ந்த அந்தக் காற்றை மறுபடி சூடாக்கி அனுப்பினால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். பிளக்-இன் காரின் கம்ப்ரஸர் பெல்ட்டில் இல்லாமல் பேட்டரி மின்சாரத்தில் ஓடுவதால், இதற்கு எஞ்சின் தேவையில்லை.

கிளம்பும் முன்னால்

இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி மிகவும் மலிவான சூடு ஒன்று இருக்கிறது: சார்ஜர் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிடுவது. அந்த முதல் சில நிமிடங்களின் 5 கிலோவாட் செலவு சுவரிலிருந்து போகும், பேட்டரி முழுசாகக் கையில் இருக்கும். சாதாரணப் பிளக்கில் 2 கிலோவாட்தான் கிடைக்கிறது என்றால் மீதியைப் பேட்டரியிலிருந்து இழுக்கும். கிளம்பும்போது 100க்குப் பதில் 96 காட்டினால் பதற வேண்டாம். சார்ஜ் கிளம்பும் நேரத்தை ஒட்டி முடியும்படி நேரம் வைத்தால் பேட்டரியும் இளஞ்சூடாக இருக்கும்.

இதில் ஒரே எச்சரிக்கை. மின் ஹீட்டர் இல்லாத சில ரகங்களில் போனிலிருந்து ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் கிளம்பலாம். மூடிய ஷெட்டுக்குள் அது நடந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு அது. உங்கள் கார் எந்த ரகம் என்று தெரியும் வரை இந்த வசதியைத் திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

சீட் ஹீட்டரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு சீட்டுக்கு 50 முதல் 100 வாட் போதும். இரண்டு சீட்டும் ஸ்டீயரிங்கும் சேர்ந்தாலும் கேபின் ஹீட்டர் இழுப்பதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும். காற்றைச் சூடாக்கி, காற்று நம்மைச் சூடாக்கக் காத்திருப்பதற்குப் பதில் நேரே முதுகுக்குக் கொடுக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு கேபினை 23க்குப் பதில் 18 டிகிரியில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. கண்ணாடி மூட்டத்துக்கும் பின்சீட்டுக் குழந்தைக்கும் இது உதவாது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் காரில் எது இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காரோடு வந்த கையேட்டில் இருக்கும். கையேடு தேடிக் கிடைக்காதவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். மிதமான குளிர் காலையில், பேட்டரி நிறைந்திருக்கும்போது, மின்சார ஓட்டத்தில் வைத்து ஹீட்டரைக் கூட்டுங்கள். டிஃப்ராஸ்டைத் தொடாதீர்கள். உடனே எஞ்சின் கிளம்பினால் மின் ஹீட்டர் இல்லாத ரகமாக இருக்கலாம். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓரிரு நிமிடத்தில் நல்ல சூடு வந்தால் காற்றுப் பாதையிலேயே பிடிசி இருக்கக்கூடும். நாலைந்து நிமிடம் இழுத்து, மெல்ல மெல்லச் சூடேறினால் கூலண்டைச் சூடாக்கும் வகையாக இருக்கலாம். பானெட் பக்கம் ஏசி கம்ப்ரஸரின் ரீங்காரம் கேட்டு, காரின் முன்பக்கத்திலிருந்து வழக்கத்தைவிடக் குளிர்ந்த காற்று வெளியே வருகிறதென்றால் அங்கே ஹீட் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.